பழைய சூரியப் படங்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருதல்: சேலம், ஏற்காடு வாசகர்களுக்கான கேள்வி பதில்

சூரியனின் நூறாண்டுப் போக்கை ஆராய விரும்பும் சேலம் கல்லூரி மாணவர்களுக்கும், ஏற்காட்டில் சொந்தத் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கும் எழுதியது. கொடைக்கானல் படங்களை முன்வைத்தே பேசுகிறோம். பிற நிலையங்களின் படங்களுக்கும் இதே வழிதான்.

தரப்படுத்துதல் என்றால் படத்தைத் தெளிவாக்குவதா?

இல்லை. படம் மங்கலாகவே இருக்கலாம். ஒரு பிக்சலில் இருக்கும் எண் எதைக் குறிக்கிறது என்பது 1921-ஆம் ஆண்டுப் படத்திலும் 2001-ஆம் ஆண்டுப் படத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். அதுதான் வேலை.

மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடிக் கணக்கில் தினமும் பத்திரிகையில் வருகிறது. அளவுப் பலகையை ஒரு வருடம் யாரோ இரண்டு அடி கீழே இறக்கி நட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் அணையில் தண்ணீர் கூடியதாகக் கணக்கு காட்டும். பலகை இறங்கியதைக் கண்டுபிடித்துக் கழிப்பது தரப்படுத்துதல். வரைபடம் ஒழுங்காக வரட்டும் என்று எல்லா நாளின் மட்டத்தையும் 100 அடிக்குச் சரிக்கட்டினால் பஞ்ச வருடமும் வெள்ள வருடமும் சேர்ந்தே அழிந்துபோகும். சூரியப் படங்களில் இந்த இரண்டாவது தவறு, செய்பவருக்கே தெரியாமல் நடக்கிறது. கீழே வரும் பல பதில்கள் அதைத் தவிர்ப்பதைப் பற்றியவை.

எந்தப் படங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கியது. இப்போது பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது. அங்கே 1904 முதல் வெண்ணொளிப் படங்கள் எடுத்திருக்கிறார்கள். 1918 முதல் 15 செ.மீ. லென்ஸ், ஒளிப்படக் கண்ணாடித் தகட்டின்மேல் விழும் சூரிய வட்டத்தின் விட்டம் 20.4 செ.மீ. கரும்புள்ளிகளுக்கு இவை.

அதே ஆண்டுகளில் தொடங்கிய இன்னொரு வரிசை, கால்சியம் கே கோட்டில், அதாவது 393.37 நானோமீட்டரில், ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் கொண்டு எடுத்தவை. சூரிய வட்டத்தைக் குறுகிய பிளவின் வழியே கீற்றுக் கீற்றாக, ஒரே நிறத்தில் பதியும் கருவி அது. இது 2007 வரை ஓடியது. வட்டம் 6 செ.மீ., வெளிப்பிளவு கடத்தும் நிற அகலம் சுமார் அரை ஆங்ஸ்ட்ராம், அதாவது 0.05 நானோமீட்டர். காந்தப்புலம் வலுத்த இடங்கள் இதில் வெண்மையாக, பிளேஜ் என்னும் ஒளித்திட்டுகளாகத் தெரியும். 1912 முதல் ஹைட்ரஜன் ஆல்ஃபா படங்களும் உண்டு. இழைகளும் தீப்பிழம்புகளும் அவற்றில் கிடைக்கும்.

இதே காலத்தைத் தொடும் பெரிய வரிசைகள் பிரான்சின் மூடோன், அமெரிக்காவின் மவுண்ட் வில்சன், இத்தாலியின் ஆர்ச்செட்ரி, போர்ச்சுகலின் கோயிம்ப்ரா ஆகிய இடங்களிலும் உள்ளன.

கரும்புள்ளி எண்ணிக்கை ஏற்கெனவே இருக்கிறதே. படங்களோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

எண்ணிக்கை ஒரு நாளுக்கு ஒற்றை எண். எந்த அகலாங்கில், எவ்வளவு பரப்பில், எந்த அரைக்கோளத்தில் என்பதெல்லாம் அதில் இல்லை. மேலும் பத்துக் குழு, ஐம்பது புள்ளி என்று எண்ணியவரின் கண்ணும் பழக்கமும் அதில் கலந்திருக்கின்றன. 2015-இல் அந்த வரிசை முழுவதையும் திருத்தி இரண்டாம் பதிப்பு வெளியிட வேண்டி வந்ததே அதனால்தான்.

சூரியக் காந்தப்புலத்தை வட்டம் முழுவதும் நாள்தோறும் அளப்பது 1960-களின் பிற்பகுதியிலிருந்துதான் வழக்கமாயிற்று. மொத்தக் கதிர்வீச்சை விண்ணிலிருந்து அளப்பது 1978-இலிருந்து. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டுக்கு, காந்தப்புலம் எங்கே எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு நேரடிச் சாட்சி கால்சியம் தகடுகள். சூரியச் செயல்பாடு ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒரு முறை ஏறி இறங்குவதைச் சுழற்சி என்கிறோம். 19-ஆம் சுழற்சி, 1957–58-இல் உச்சம் தொட்டது, பதிவானவற்றிலேயே மிக வலியது. அதன் பிளேஜ்கள் தகடுகளில் மட்டுமே இருக்கின்றன.

வீட்டில் உட்கார்ந்து செய்ய என்ன வேண்டும்?

ஒரு சாதாரண மடிக்கணினி, பைத்தான், அதில் ஆஸ்ட்ரோபை, சன்பை, சைக்கிட்-இமேஜ் நூலகங்கள். இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: 4096 × 4096 பிக்சல், 16 பிட் என்றால் ஒரு படம் 33 எம்.பி.; ஆயிரம் படம் 33 ஜி.பி. இடைநிலைக் கோப்புகள் 32 பிட் தசம எண்ணில் இருக்கும் என்பதால் ஒவ்வொன்றும் இரு மடங்கு. மூலக் கோப்பை ஒருபோதும் மேலெழுதாதீர்கள். ஒவ்வொரு படியின் விளைவையும் தனி அடைவில் வையுங்கள். ஜேபெக்கில் சேமித்தால் அத்துடன் அளவீடு போயிற்று. ஃபிட்ஸ் (வானியல் படக் கோப்பு வகை) அல்லது சுருக்கப்படாத டிஃப் மட்டும்.

முதலில் நூறு படம் போதும். ஆனால் நூறும் ஒரே வருடத்தில் எடுத்தவையாக இருக்கக்கூடாது. பத்தாண்டுக்குப் பத்து வீதம் எடுங்கள். கோளாறுகள் பத்தாண்டுக்குப் பத்தாண்டு மாறுவதை அப்போதுதான் பார்க்கலாம்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பழைய கண்ணாடி நெகடிவ்கள் இருக்கின்றன. நாங்களே ஸ்கேன் செய்யலாமா?

செய்யலாம், பொறுமை இருந்தால். தகட்டின் விளிம்பை மட்டும் பிடியுங்கள், பருத்திக் கையுறையோடு. கண்ணாடிப் பக்கத்தைச் சற்றே ஈரமான துணியால் துடைக்கலாம். பசைப் பக்கத்தை, அதாவது மங்கலான பக்கத்தை, எதனாலும் துடைக்கக்கூடாது. காற்றுக் குமிழ் கொண்டு தூசியை ஊதுவதோடு சரி.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு கறுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தகட்டில் நடப்பது எளிதில் விளங்கும். படத்தைத் தாங்குவதும் வெள்ளித் துகள்தான். காற்றிலுள்ள கந்தகம் பட்டு அது ஓரங்களில் நீலம் பாய்ந்த கண்ணாடிப் பளபளப்பாக மாறும். கொலுசைத் தேய்ப்பதுபோல் அதைத் தேய்த்து எடுக்க முனைந்தால் படமே உரிந்து வரும். அப்படியே ஸ்கேன் செய்து, பளபளத்த பகுதியைக் கணக்கிலிருந்து விலக்குவதே வழி. பழைய ஃபிலிமை வெள்ளிக்காக எடைக்கு வாங்குபவர்கள் உண்டு. நூலகத்தைக் காலிசெய்யும் நாளில் சூரியத் தகடுகள் அந்த மூட்டையில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனர், ஒளி ஊடுருவும் வகையாக இருக்க வேண்டும். தகடு ஸ்கேனர் கண்ணாடியில் நேராகப் படிந்தால் எண்ணெய்ப் படலம்போல் வண்ண வளையங்கள் வரும். ஒரு மில்லிமீட்டர் அட்டைச் சட்டத்தால் தூக்கி வையுங்கள். தானியங்கி வெளிச்சம், கூர்மையாக்கல், தூசி நீக்கல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். தகட்டோடு சேர்த்து அதன் ஓரத்துத் தெளிந்த பகுதியும், கையால் எழுதிய தேதி நேரமும் படத்தில் விழ வேண்டும். தகடு இல்லாமல் வெறும் விளக்கை ஒரு முறை, விளக்கை மறைத்து ஒரு முறை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் மறந்தால் பிறகு ஈடுகட்ட வழியில்லை.

ஸ்கேன் எண்ணை நேராக ஒளிச்செறிவாக எடுத்துக்கொண்டால் என்ன?

தகட்டில் வெள்ளி எவ்வளவு படிந்தது என்பதை அளப்பது அடர்த்தி. ஸ்கேனர் தருவது ஊடுருவிய ஒளி. இரண்டுக்கும் இடையே மடக்கை உறவு. தெளிந்த கண்ணாடியின் எண்ணிலும் பிக்சலின் எண்ணிலும் இருட்டு எண்ணை (விளக்கை மறைத்து எடுத்த ஸ்கேனின் எண்) கழித்து, முன்னதைப் பின்னதால் வகுத்து, பத்தடி மடக்கை எடுத்தால் அடர்த்தி.

இருட்டைக் கழிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கையாலேயே போட்டுப் பாருங்கள். தெளிந்த பகுதி 60,000, இருட்டு 300. ஒரு பிக்சல் 6,000 என்றால் அடர்த்தி 1.02, கழிக்காமல் போட்டால் 1.00. பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொரு பிக்சல் 900. சரியாகப் போட்டால் 2.00; கழிக்காமல் போட்டால் 1.82. நெகடிவில் கறுத்த இடம்தானே சூரியனில் ஒளிர்ந்த இடம்? ஆக இந்தச் சிறு சோம்பல், அமைதியான பகுதியை விட்டுவிட்டுப் பிளேஜ்களை மட்டும் மங்கச் செய்கிறது. சூரியன் சுறுசுறுப்பாக இருந்த வருடங்கள்தான் அதிகம் குறைந்து தெரியும்.

8 பிட் ஸ்கேனில் சிக்கல் இன்னும் மோசம். 255 படிகளில் அடர்த்தி 2 என்பது இரண்டரைப் படி. எண் 2-க்கும் 3-க்கும் நடுவே அடர்த்தி 0.18 தாவுகிறது, தகட்டின் சரிவு (ஒளிச்செறிவின் மடக்கைக்கு அடர்த்தி ஏறும் வீதம்) 2 என்றால் ஒளிச்செறிவில் அது 20 விழுக்காட்டுக்கு மேல். எனவே 16 பிட் கோப்பு கிடைக்கும்போது 8 பிட்டைத் தொடாதீர்கள்.

அடர்த்தியிலிருந்து ஒளிச்செறிவுக்குப் போவது எப்படி? தகட்டில் அளவுப் படிகள் இல்லையே.

இந்த வேலையின் கடினமான இடம் இதுதான். ஒளி கூடக் கூட அடர்த்தி நேர்கோட்டில் கூடுவதில்லை: தொடக்கத்தில் மந்தமாக, நடுவில் நேராக, மேலே போய்த் தட்டையாக வளையும். அந்த வளைவு, பசை தயாரான தொகுதி, டெவலப்பரின் வெப்பம், ஊறிய நேரம் எல்லாவற்றையும் சார்ந்தது. நேற்றையத் தகட்டின் வளைவு இன்றையத் தகட்டுக்குப் பொருந்தாது. சில தகடுகளில் மட்டும், தெரிந்த விகிதங்களில் ஒளி காட்டிப் பதிந்த அளவுப் படிகள் ஓரத்தில் இருக்கும். அவை இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள்.

இல்லாத தகட்டுக்குச் சூரியனே அளவுப் படி. காந்தச் செயல்பாடு இல்லாத அமைதிப் பகுதியின் ஒளி, வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் குறையும். நவீன சிசிடி (மின்னணு உணரி) படங்களிலிருந்து அந்த விகிதம் துல்லியமாகத் தெரியும். அமைதிப் பகுதியில் அது ஆண்டுகளுக்கு மாறுவதில்லை என்று கொள்கிறோம். பழைய தகட்டில் நடுவிலிருந்து விளிம்பு வரை வளையம் வளையமாக அமைதிப் பகுதியின் அடர்த்தியை எடுத்து, அதே வளையத்துக்கு உரிய தெரிந்த ஒளிச்செறிவின் எதிரில் குறித்தால் அந்தத் தகட்டின் வளைவு கையில் வந்துவிடும். பிளேஜ்கள் நடுப்பகுதியின் ஒளியையும் தாண்டியவை என்பதால், வளைவின் நேர்ப்பகுதியை மேலே நீட்டித்தான் அவற்றைப் படிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். தகடு அளவுக்கு மீறி ஒளி பட்டிருந்தால் பிளேஜ்கள் வளைவின் தட்டையான உச்சியில் போய் மோதியிருக்கும். நீட்டிப்பு அங்கே பொய் சொல்லும். அத்தகைய தகட்டைத் தனியாகக் குறித்து வையுங்கள். அடுத்து, பழைய கருவியின் பிளவு அகலமும் ஒப்பிடும் நவீன வடிகட்டியின் அகலமும் பொருந்த வேண்டும். அகலம் கூடினால் கோட்டின் ஓரத்து ஒளி கலந்து, ஆழமான அடுக்குகள் தெரிந்து, பிளேஜின் மாறுபாடு தானாகவே குறையும்.

இதையெல்லாம் முடித்தபின்தான் விளிம்பு மங்கலை நீக்க வேண்டும். வரிசையை மாற்றினால், வளைந்த அளவுகோலில் நேர்க்கணக்கு போட்டதாகிவிடும்.

வட்டத்தின் மையமும் ஆரமும் எவ்வளவு துல்லியமாக வேண்டும்?

நினைப்பதைவிட அதிகமாக. ஆரம் 1,800 பிக்சல் உள்ள படத்தில் விளிம்பை 18 பிக்சல், அதாவது ஒரே விழுக்காடு, தவறாக வைத்தீர்கள் என்றால், மையத்திலிருந்து 0.95 ஆரத் தொலைவில் உள்ள புள்ளியின் சாய்வுத் திருத்தம் (விளிம்பை நோக்கிப் பரப்பு குறுகித் தெரிவதை ஈடுகட்டுவது) 11 விழுக்காடு மாறும். பரப்பும் அதே அளவு தவறும்.

ஒளிச்செறிவு மிக வேகமாக விழும் இடமே விளிம்பு. 360 திசைகளில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து வட்டம் பொருத்துங்கள். மேகம், கீறல், எழுத்து ஆகியவற்றில் சிக்கிய புள்ளிகள் வரும். பொருத்திய வட்டத்திலிருந்து விலகல் பெரிதாக உள்ளவற்றை விலக்கி மறுபடி பொருத்துங்கள். மூன்று சுற்று பெரும்பாலும் போதும்.

ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் படத்துக்கு வட்டம் பொருத்தாதீர்கள், நீள்வட்டம் பொருத்துங்கள். சூரியப் படம் பிளவைக் கடக்கும் வேகமும் தகடு நகரும் வேகமும் கொஞ்சம் பிசகினாலும் வட்டம் ஒரு பக்கம் நீளும். காலை ஏழு மணிப் படத்தில் வளிமண்டல ஒளிமுறிவும் சேரும்: சூரியன் 20° உயரத்தில் இருந்தால் செங்குத்து விட்டம் 3,600-க்கு ஏறக்குறைய 9 பிக்சல் சுருங்கும்; 45° உயரத்தில் 2 பிக்சல்தான். முதலாவது திருத்த வேண்டியது, இரண்டாவதை விட்டுவிடலாம்.

இன்னொன்று: பூமி சூரியனை நெருங்கும் ஜனவரியில் வட்டம் 32.5 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை), விலகும் ஜூலையில் 31.5. எல்லாப் படத்தையும் ஒரே ஆரத்துக்கு அளவு மாற்றுங்கள். மூல ஆரத்தைத் தலைப்பில் எழுதி வையுங்கள்.

வடக்கு எது என்று எப்படி முடிவு செய்வது?

சூரியனின் அச்சு, வானின் வடக்கிலிருந்து ஆண்டு முழுவதும் இருபுறமும் 26.3° வரை சாய்ந்து தெரியும். இதைப் பி (P) கோணம் என்பார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் மேற்கே முழுச் சாய்வு, அக்டோபர் இரண்டாம் வாரத்தில் கிழக்கே முழுச் சாய்வு, ஜனவரி 5, ஜூலை 7 வாக்கில் சுழி. கூடவே நம் பக்கம் சாயும் பி-ஜீரோ (B0) கோணம், 7.25° வரை. இரண்டையும் தேதியும் நேரமும் கொடுத்தால் சன்பை தந்துவிடும். சிக்கல் அதில் இல்லை. தகட்டில் வானின் வடக்கு எங்கே இருந்தது என்பதில்தான்.

கொடைக்கானல் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃபுக்கு ஒளி ஊட்டியது சிடரோஸ்டாட் கண்ணாடி. அது சூரியனைப் பிடித்து நிறுத்தும்போதே படத்தைச் சுழற்றவும் செய்யும். எவ்வளவு என்பது நேரத்தைப் பொறுத்தது. ஆக, நேரத்தைத் தவறாகப் படித்தால் வடக்கும் தவறும். இதே விளைவைச் சேலத்தில் கண்ணெதிரே பார்க்கலாம். கேமராவை மேல்-கீழ், இட-வலமாக மட்டும் திரும்பும் தாங்கியில் வைத்து, ஏப்ரல் 7 வாக்கில், சூரியன் உச்சிக்கு 5° தெற்கே கடக்கும் நண்பகலில் படம் எடுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 3° படம் சுழல்வதைக் காண்பீர்கள்.

தகட்டில் துருவக் குறிகள் இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். தகடு தலைகீழாகவோ பின்பக்கமாகவோ ஸ்கேனரில் படுத்திருக்கலாம். சோதனை எளிது. ஒரே கரும்புள்ளியை அடுத்தடுத்த நாட்களில் தொடருங்கள். நாளுக்கு 13° சொச்சம், கிழக்கிலிருந்து மேற்காக நகர வேண்டும். எதிர்த்திசையில் நகர்ந்தால் படம் கண்ணாடிப் பிம்பம். திசை சரி, ஆனால் அகலாங்கு நாளுக்கு நாள் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போனால், சுழற்சிக் கோணம் தவறு. நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஒரு புள்ளிக்கு, கோணம் 2° பிசகியிருந்தால், நடு நெடுவரைக்கு 60° கிழக்கிலிருந்து 60° மேற்குக்குப் போவதற்குள் அகலாங்கு மூன்றரை பாகை மாறித் தெரியும். உண்மைப் புள்ளி அப்படி ஓடாது. இந்தச் சரிவிலிருந்தே பிழையைத் திருப்பிக் கணக்கிட்டுத் திருத்திவிடலாம்.

நூலகங்களில் இன்னொரு பொறி: ஃபிட்ஸ் கோப்பில் முதல் வரி கீழே, பிஎன்ஜி கோப்பில் முதல் வரி மேலே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது படம் தலைகீழானால், கடிகாரச் சுற்று எதிர்ச்சுற்றாகிவிடும். பி கோணம் இருமடங்காகத் தவறும்.

நேரத்தில் என்ன தவறு நேரும்?

இந்தியத் திட்ட நேரம் 1906 ஜனவரி 1 முதல். அதற்கு முன் தென்னிந்தியாவில் சென்னை நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னே. இந்த 9 நிமிட வித்தியாசம் சூரிய நெட்டாங்கில் 0.1°-க்கும் குறைவு, கவலை வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்தள்ளி ஓடியது. அது நெட்டாங்கில் அரைப் பாகை, படச் சுழற்சியில் அதைவிட அதிகம். அந்த ஆண்டுத் தகடுகளில் எழுதியிருப்பது எந்த நேரம் என்பதை மேற்சொன்ன கரும்புள்ளிச் சோதனையால் உறுதிசெய்யுங்கள். வெளிநாட்டுப் பழைய அட்டவணைகளோடு ஒப்பிடும்போது, 1925-க்கு முன் வானியல் நாள் நண்பகலில் தொடங்கியது என்பதையும் மறக்கவேண்டாம். காலைப் படங்களுக்கு முந்தைய நாளின் தேதி விழுந்திருக்கும்.

கையெழுத்தில் 1-உம் 7-உம், 3-உம் 8-உம் மாறும். கோப்புப் பெயரை நம்பாமல் தகட்டின் எழுத்தை ஒரு முறை கண்ணால் பாருங்கள்.

விளிம்பு மங்கலையும் தகட்டின் சீரின்மையையும் எப்படிப் பிரிப்பது?

விளிம்பு மங்கல் வட்டச் சமச்சீர் உடையது. பசையின் தடிமன், மெல்லிய மேகம், லென்ஸ் ஓரத்து இருட்டு ஆகியவை அப்படி இல்லை. முதலில் வளையங்களின் இடைநிலை மதிப்பைக் கொண்டு சமச்சீர்ப் பகுதியை எடுங்கள். அதனால் வகுத்தபின் மிஞ்சுவதில், பிளேஜ்களையும் புள்ளிகளையும் மறைத்துவிட்டு, மெதுவாக மாறும் ஒரு பரப்பைப் பொருத்துங்கள். மறுபடி பிளேஜ்களைத் தேடி, மறுபடி மறைத்து, மறுபடி பொருத்துங்கள். விடை நிலைக்கும் வரை.

மறைக்காமல் பொருத்தினால் நடப்பது இது: சூரியன் உச்சத்தில் இருக்கும் வருடம் பிளேஜ்கள் நடுக்கோட்டின் இருபுறமும் இரண்டு பட்டைகளாக நிறைந்திருக்கும். பொருத்திய பரப்பு அந்தப் பட்டைகளையே பின்னணி என்று விழுங்கிவிடும். வகுத்ததும் பிளேஜ் மங்கும். அமைதியான வருடத்தில் விழுங்க எதுவும் இல்லை, எனவே பிழையும் இல்லை. விளைவு, சுழற்சியின் உயரமே தாழ்ந்துவிடும். வலுத்த சுழற்சி கூடுதலாகத் தாழும். வரைபடம் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும்.

கோடுகளும் கீறல்களும்?

பிளவில் ஒட்டிய தூசி, ஸ்கேன் திசையில் நெடுக ஒரு கோடாக இழுபடும். எடுக்கும்போது மேகம் கடந்தால் அதற்குக் குறுக்கே பட்டை விழும். இரண்டையும் வரிவாரியான இடைநிலை மதிப்பால் ஓரளவு சரிசெய்யலாம். கீறலை அண்டைப் பிக்சல்களால் நிரப்பாதீர்கள். வெற்றிடம் என்று குறித்து விட்டுவிடுங்கள்.

எல்லாப் படங்களின் மாறுபாட்டையும் ஒரே அகலத்துக்கு நீட்டிச் சுருக்கினால் வேலை சுலபம்தானே?

சுலபம். அதனால்தான் பலரும் செய்கிறார்கள். ஒளிச்செறிவுப் பரவலின் அகலத்தை எல்லா நாளும் சமமாக்கினால் நல்ல தகடும் மோசமான தகடும் ஒன்றுபோல் தெரியும். ஆனால் அந்த அகலத்தில் ஒரு பங்கு தகட்டுடையது, ஒரு பங்கு சூரியனுடையது. செயல்பாடு கூடிய நாளில் பரவல் இயல்பாகவே விரியும். அதையும் சமமாக்கினால் மேட்டூரை 100 அடிக்குச் சரிக்கட்டிய கதைதான்.

பிளேஜ்களை விலக்கி, அமைதிப் பகுதியின் பரவலை மட்டும் சமன்செய்வது இதைவிட மேல். அதிலும் வலையமைப்பு எனப்படும் மெல்லிய ஒளிப்பின்னல் சுழற்சியோடு மாறுகிறதா என்ற கேள்விக்கு அந்தப் படங்களைப் பிறகு பயன்படுத்த முடியாது. கேள்வியைத் திருத்தத்திலேயே அழித்துவிட்டீர்கள். எந்தத் திருத்தம் எந்தக் கேள்வியை அடைக்கிறது என்று கோப்பின் தலைப்பிலேயே எழுதி வைப்பது நேர்மை.

சோதிக்க ஒரு வழி உண்டு. நவீன சிசிடி படம் ஒன்றை எடுத்து, செயற்கையாக அதில் வளைந்த தகட்டு வளைவையும், ஓர இருட்டையும், பட்டைகளையும் ஏற்றுங்கள். உங்கள் நிரலுக்குள் விட்டு, வெளிவரும் பிளேஜ் பரப்பை மூலத்தோடு ஒப்பிடுங்கள். உச்ச ஆண்டுப் படத்திலும் தாழ்ந்த ஆண்டுப் படத்திலும் தனித்தனியாக. இரண்டிலும் பிழை ஒரே அளவாக இல்லாவிட்டால் நிரலைத் திருத்திய பிறகே நூறாண்டுக்குப் போங்கள்.

கரும்புள்ளிப் பரப்பை எப்படிக் கணக்கிடுவது?

உம்ப்ரா (புள்ளியின் கறுத்த நடுப்பகுதி), புறநிழல் (அதைச் சுற்றிய மங்கல் பகுதி) இரண்டும் சேர்ந்த பிக்சல்களை எண்ணி, 10 இலட்சத்தால் பெருக்கி, 2 × 3.1416 × ஆரத்தின் வர்க்கம் × சாய்வுக் கோணத்தின் கோசைன் என்பதால் வகுத்தால், சூரிய அரைக்கோளத்தின் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று வரும். ஆரம் 1,800 பிக்சல். புள்ளி மையத்திலிருந்து 900 பிக்சல் தொலைவில், 400 பிக்சல் பரப்பில். சாய்வு 30°, கோசைன் 0.866, விடை 22.7 பங்கு. ஒரு பங்கு சுமார் 30 இலட்சம் சதுர கி.மீ. ஒப்பீட்டுக்கு, 1947 ஏப்ரலில் இங்கிலாந்தின் கிரீன்விச் ஆய்வகம் பதிவு செய்த மாபெரும் குழு ஆறாயிரம் பங்கைத் தாண்டியது.

60° சாய்வுக்கு அப்பால் உள்ளவற்றை அட்டவணையில் தனிப் பத்தியில் எழுதுங்கள். அங்கே பிழை வேகமாகப் பெருகும்.

மழைக்கால இடைவெளிகளை என்ன செய்வது?

நிரப்பாதீர்கள். மாதச் சராசரி எடுக்கும்போது எத்தனை நாள் படம் இருந்தது என்பதையும் சேர்த்துத் தாருங்கள். பத்து நாளுக்குக் குறைந்த மாதத்தை வேறு வண்ணத்தில் குறியுங்கள். வேறு நிலையத்தின் படத்தை இணைப்பதானால், இரண்டு நிலையங்களுக்கும் பொதுவான நாட்களை வைத்து உறவை முதலில் கண்டுபிடியுங்கள். அந்த உறவைப் பத்தாண்டுக்கு ஒரு முறை தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒரு கருவி மெல்லத் தேய்ந்திருந்தால் அங்கே பிடிபடும். கிரீன்விச்சும் தன் மேகமூட்ட நாட்களுக்குக் கொடைக்கானல் படங்களை வாங்கிப் பயன்படுத்தியது. எனவே அந்த நாட்களில் இரண்டும் ஒத்துப்போனால் அது தனிச் சான்று ஆகாது.

ஏற்காட்டிலிருந்து நாங்கள் எடுக்கும் படம் இந்த வரிசையில் சேருமா?

நூறாண்டு வரிசையில் சேர்ப்பதற்கு இல்லை. ஆனால் உங்கள் நிரலைச் சோதிக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது, ஏனென்றால் அதன் நேரமும் வடக்கும் உங்களுக்குத் தெரியும். லென்ஸ் குவியத்தூரம் 1,000 மி.மீ. என்றால் சூரியன் 9.3 மி.மீ. விழும், 4 மைக்ரான் பிக்சலில் குறுக்கே 2,300 பிக்சல். கரும்புள்ளிக்குத் தாராளம். லென்ஸின் முன்புறம், ஒளியை இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் சூரிய ஃபிலிமைக் காற்றில் கழன்றுவிடாதபடி பொருத்துங்கள். கண்வில்லைப் பக்கம் திருகும் கறுப்புக் கண்ணாடி வெப்பத்தில் வெடிக்கும். அதைத் தொடவே வேண்டாம். எக்ஸ்ரே ஃபிலிமும் கூடாது.

மலையில் பனிமூட்டம் விலகி, கீழே சேலத்துச் சமவெளியின் வெப்பக்காற்று மேலேறுவதற்கு முந்தைய காலை நேரம் நல்லது. கேமராவை ஆடாமல் வைத்து, தாங்கியின் மோட்டாரை நிறுத்திவிட்டு, சரியாக 30 விநாடி இடைவெளியில் இரண்டு படம் எடுங்கள். வட்டம் ஏறக்குறைய தன் விட்டத்தில் கால் பங்கு நகர்ந்திருக்கும். முதல் படத்து மையத்திலிருந்து இரண்டாம் படத்து மையத்துக்கு இழுத்த கோடு மேற்கைக் காட்டும். அதற்குச் செங்குத்து வானின் வடக்கு. அன்றைய பி கோணத்தைச் சேருங்கள், பிறகு நான்கு நாள் ஒரே புள்ளியைத் தொடர்ந்து அதன் அகலாங்கைப் பாருங்கள். அரைப் பாகைக்குள் நின்றால் உங்கள் நிரல் தகடுகளைத் தொடத் தயார்.